மாணவி வரைந்த பள்ளிக்கூடம்

மெட்டி பள்ளி, ருத்ராபூர், வங்கதேசம்
மண், வைக்கோல், மூங்கில், 2005

ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் கட்டடக்கலை படித்த அன்னா ஹெரிங்கர், 2004இல் பட்டப்படிப்புக்காக வரைந்த வடிவமைப்பு இது. ஜெர்மன் கட்டடக்கலைஞர் ஐக்கே ரோஸ்வாக்குடன் சேர்ந்து, ஊர்த் தொழிலாளர்களைக் கொண்டே கட்டி முடித்தார்.

செங்கல் அடித்தளத்தின் மேல் மண் சுவர். மாடுகள் மிதித்துக் குழைத்த மண்ணையும் வைக்கோலையும் அடுக்கடுக்காக ஏற்றி, சற்றுக் காய்ந்ததும் மண்வெட்டியால் செதுக்கிச் சீராக்கினார்கள். கீழ் வகுப்பறைகளின் பின்புறம் பிள்ளைகள் புகுந்து விளையாட மண் குகைகள், மேல்தளம் மூங்கில். 2007இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

இந்தப் பள்ளியைப் போலவே, நம் ஊரான சித்தையன்கோட்டைக்கு நூலகமோ சமுதாயக் கூடமோ வரையும் மாணவர்கள் முதலில் அறிய வேண்டியவை இவ்வூர் மண்ணும் வெயிலும், இங்குள்ள கொத்தனார்களின் கைத்திறனும்தான்.