முதுமையின் மெலிவும் ஆறு வினாக்களும்

முதுமையில் உடல் மெலிவது இயல்பே என்ற எண்ணம் மக்களிடையே ஆழ வேரூன்றியிருக்கின்றது. வயது போனால் இப்படித்தான் என்று வீட்டார் அமைதி கொள்வர். முதியவரும் அதையே சொல்லித் தம்மைத் தேற்றிக்கொள்வர். தசைகள் வயதோடு ஓரளவு தேய்வது மெய்யே. ஆயினும், மூன்று மாதத்துள் 3 கிலோகிராமுக்கு மேல் நிறை குறைவதை வயதின் தலையிற் சுமத்திவிடலாகாது. அது மந்தபோசணையின் அறிகுறியாகவோ, உள்ளே மறைந்துள்ள வேறொரு பிணியின் அறிகுறியாகவோ இருத்தல் கூடும். அவ்வாறு மெலிந்தவருக்குப் புண் ஆறத் தாமதமாகும். தொற்றுநோய் எளிதிற் பற்றும்.

இதனை வேளையோடு கண்டறியும் பொருட்டு, 1990களில் பிரான்சு தேசத்துத் துலூஸ் நகர முதுமை மருத்துவர்கள், சுவிற்சர்லாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஆய்வாளரோடு சேர்ந்து ஒரு வினாத்தாளை அமைத்தனர். 'மினி நியூற்றிஷனல் அசெஸ்மென்ற்' என்பது அதன் பெயர். முழுத்தாளில் 18 வினாக்கள் உள. 2001இல் அதனினின்றும் ஆறு வினாக்கள் கொண்ட குறுந்தாள் ஒன்று பிறந்தது. அதன் மொத்தப் புள்ளி 14. பன்னிரண்டும் அதற்கு மேலும் பெற்றவர் நலமுடையார். 8 முதல் 11 வரை பெற்றவர் ஆபத்தின் எல்லையில் நிற்பவர். அதற்குக் கீழ்ப்பட்டவர் மந்தபோசணையுற்றவர்.

வியப்பு யாதெனில், ஆறனுள் ஒன்றே நேராக உணவைப் பற்றியது. ஏனையவை நிறைக்குறைவு, நடமாட்டம், அண்மையில் நேர்ந்த கடும் நோய் அல்லது மனத்துயர், மறதிநோயும் மனச்சோர்வும், உடற்பருமன் ஆகியவற்றை வினவுவன. உணவு குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் அடுக்களைக்கு வெளியே இருக்கின்றது என்பதை இத்தாளை வகுத்தோர் நன்கு அறிந்திருந்தனர்.

கணவனை இழந்து இரண்டு மாதமான மூதாட்டி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். உணவு சற்றுக் குறைந்துள்ளது: புள்ளி 1. நிறை குறைந்ததா என்பது தெரியாது: 1. வீட்டினுள் நடமாடுவார், வெளியே செல்லார்: 1. மனத்துயர் உண்டு: 0. மறதியோ மனச்சோர்வோ இல்லை: 2. கெண்டைக்கால் பருத்தே இருக்கின்றது: 3. கூட்டினால் 8. பார்வைக்குக் குறைவில்லாத உடம்பினர். எனினும் ஆபத்தின் விளிம்பிலே நிற்கின்றார். நிறை தெரியாது என்ற விடைக்கு ஒரே புள்ளி கிடைப்பதும் கவனிக்கற்பாலது. நிறை குறையவில்லை என்று உறுதியாகச் சொல்லக்கூடியவருக்கோ 3 புள்ளி கிடைக்கும்.

கெண்டைக்காலை அளப்பது எதற்கு? கூனிய முதுகினரின் உயரத்தைச் சரியாக அளத்தல் அரிது. படுக்கையிற் கிடப்பவரைத் தராசில் நிறுத்தலும் அரிது. அத்தகையோருக்குத் தையற்காரரின் அளவு நாடாவே போதும். காலைத் தளர்வாகத் தொங்கவிட்டு, கெண்டையின் மிகப் பருத்த இடத்தைச் சுற்றி அளத்தல் வேண்டும். அளவு 31 சென்ரிமீற்றருக்குக் குறையின் புள்ளி பூச்சியம். காலில் நீர்வீக்கம் இருப்பின் இவ்வளவு ஏமாற்றிவிடும்.

புள்ளி நோயின் பெயரைச் சொல்லாது. குறைந்த புள்ளி பெற்றவரை வைத்தியர் பார்த்தல் வேண்டும். பல் ஆடுகின்றதா, விழுங்குவதில் இடரா, உட்கொள்ளும் மருந்து பசியைக் கெடுக்கின்றதா என ஆராய்தல் வேண்டும். நீரிழிவுக்கு அஞ்சிச் சோற்றை ஒதுக்கி, பின்னர் உப்பை ஒதுக்கி, ஈற்றிலே வெறுந் தேநீரோடு பொழுதைக் கழிப்போரும் உளர். நலமுடையாரென அறியப்பட்டவரை, வீட்டில் வாழ்வோராயின் ஆண்டுக்கொருமுறையும், முதியோர் இல்லத்தவராயின் மூன்று மாதத்துக்கொருமுறையும் மீண்டும் வினவுதல் முறை.