கவுன்ட் ஏறினாலும் கண்டம் தாண்டவில்லை

"கவுன்ட் ஏறிடுச்சு, இனி பயமில்லை." ஸ்டெம் செல் மாற்று வார்டு வாசலில் நாள்கணக்காகக் காத்திருந்தவர்கள் பெருமூச்சோடு சொல்வது இது. பாதிதான் உண்மை. இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஏறுவது நியூட்ரோஃபில். பாக்டீரியா, பூஞ்சையிடமிருந்து காப்பது அது. வைரஸை அடக்கும் டி செல்கள் வேறு இனம். அவை பழைய பலத்தோடு திரும்பப் பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும்.

அந்த இடைவெளியில் தாக்கும் வைரஸ் பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை. சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமாக சிஎம்வி, நம் நாட்டுப் பெரியவர்களில் பெரும்பாலானோர் உடலில் சின்ன வயதிலிருந்தே தூங்குகிறது. எப்ஸ்டீன்-பார், பிகே, அடினோ வைரஸ்களும் இப்படித்தான். மாற்றுக்கு முன் தரும் கடும் கீமோ பழைய காவலர்களை அழிக்கிறது. கொடையாளரின் செல்கள் நோயாளியின் உடலையே தாக்காமலிருக்கக் கொடுக்கும் மருந்துகளோ புதிய காவலர்களின் கையைக் கட்டுகின்றன. வைரஸ் விழித்துக்கொள்கிறது. சிஎம்வி நுரையீரலையும் குடலையும் தாக்கலாம். பிகே, சிறுநீரில் ரத்தமாக வெளிப்படும். எப்ஸ்டீன்-பார், நிணநீர்ப் புற்றுநோய் போன்ற கட்டியையே உண்டாக்கலாம்.

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பதுபோல திசுப் பொருத்தம் காட்டும் ஹெச்எல்ஏ பத்துக்குப் பத்தா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கொடையாளருக்கு சிஎம்வி வந்திருக்கிறதா என்று கேட்பவர் அபூர்வம். நோயாளியின் உடலில் வைரஸ் இருந்து, கொடையாளர் அதைச் சந்தித்ததே இல்லையென்றால் ஆபத்து அதிகம். புதிதாக வரும் டி செல்லுக்கு எதிரியின் முகமே தெரியாது.

ஆகவே குறைந்தது நூறாவது நாள் வரை வாரந்தோறும் சிஎம்வி பிசிஆர் (ரத்தத்தில் வைரஸின் அளவைக் காட்டும் பரிசோதனை) பார்ப்பது வழக்கம். ஸ்டீராய்டு தொடர்ந்தால் அதற்குப் பிறகும் பார்க்க வேண்டியிருக்கும். கூடியவரை ஒரே லேபில் எடுங்கள்; லேபுக்கு லேப் எண் மாறும். வைரஸ் எண்ணிக்கை ஏறினால் முதலில் தருவது பெரும்பாலும் கான்சைக்ளோவிர். அது அரும்பாடுபட்டு ஏறிய கவுன்ட்டையே இறக்கக்கூடும். ஃபாஸ்கார்நெட் கொடுத்தால் சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும்.

மருந்து தோற்றால் டி செல்லையே கொடுத்தால் என்ன? அமெரிக்காவின் சியாட்டிலில் ரிடெல், கிரீன்பெர்க் குழுவினர் கொடையாளரின் ரத்தத்திலிருந்து சிஎம்வியை அறிந்த டி செல்களைப் பிரித்து வளர்த்து, நோயாளிகளுக்குச் செலுத்தி 1992இல் முடிவை வெளியிட்டார்கள். எப்ஸ்டீன்-பார் வைரஸால் வரும் கட்டிக்கு, வேறு கொடையாளர்களிடமிருந்து முன்பே தயாரித்து வைத்த டபெலெக்லூசெல் என்ற டி செல் மருந்தை ஐரோப்பா 2022 டிசம்பரில் அனுமதித்தது. ஆனால் பல வைரஸ்களை ஒருசேரக் குறிவைத்த போசொலூசெலின் மூன்றாம் கட்டச் சோதனைகள், பலன் கிடைக்க வாய்ப்பில்லை என்று 2023இல் நிறுத்தப்பட்டன. நல்ல யோசனைதான், ஆனால் எல்லா வைரஸுக்கும் நிரூபணமான மருந்தாகிவிடவில்லை.

இதனால்தான், யாராவது "வைரஸ் டி செல் ஊசி இருக்கிறது, பணம் கட்டுங்கள்" என்றால், இது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையா, ஆய்வா என்று முதலில் கேளுங்கள். ஆய்வென்றால் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவு எண்ணையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள் 2019இன்படி, சோதனையால் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. பிசிஆர் முடிவுகள் உட்பட சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன மருத்துவர்களுக்கான 2002 ஒழுங்குமுறை விதிகள். கோரிக்கையை எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பிய பிறகு காய்ச்சலோ, மூச்சிரைப்போ, நிற்காத வயிற்றுப்போக்கோ, சிறுநீரில் ரத்தமோ வரலாம். பக்கத்து கிளினிக்கில் சிறுநீரில் ரத்தம் என்றதும் கல்லடைப்பு என்று சீட்டு எழுத வாய்ப்புண்டு. ஸ்டெம் செல் மாற்று செய்தவர் என்பதை வாசலிலேயே சொல்லிவிட்டு, மாற்று செய்த மையத்துக்கு அன்றைக்கே போன் போடுங்கள்.