தேனும் தினைமாவும்: காய்ச்சாத தேனின் பயனும் அளவும்

தினைப்புனத்து உணவு

அறுபடை வீடுகளுள் ஒன்றான திருத்தணி, வள்ளியை மணந்த முருகன் அமர்ந்த தலமாகக் கந்தபுராண மரபில் போற்றப்படுகிறது. தினைப்புனம் காத்த வள்ளி, முதியவர் வடிவில் பசியோடு வந்த முருகனுக்குத் தேனும் தினைமாவும் அளித்த செய்தியும் அம்மரபில் வருகிறது. புராணத்தில் இடம்பெற்ற இவ்வுணவு, மலைவாழ் மக்களின் உணவறிவுக்கு நல்ல சான்று ஆகும். தேனில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரையே. புரதமும் நார்ச்சத்தும் அதில் மிகச் சொற்பம். தினையிலோ 100 கிராமுக்குச் சுமார் 12 கிராம் புரதம் உண்டு, நார்ச்சத்தும் உண்டு என்பதால், இரண்டும் சேரும்போது சர்க்கரை இரத்தத்தில் கலக்கும் வேகம் மட்டுப்படுகிறது. வறுத்து இடித்த தினைமாவைப் பிசையத் தேவையான அளவே தேன் என்ற அந்தப் பழைய அளவுமுறை இன்றைக்கும் பின்பற்றத்தக்கது.

தேன் கெடாமல் இருப்பது ஏன்?

பூக்களிலிருந்து உறிஞ்சும் மதுவைத் தேனீக்கள் தம் வயிற்றுப்பையில் சுமந்து வந்து, உடலில் சுரக்கும் நொதிகளை, அதாவது வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் புரதங்களை, அதனுடன் கலந்து, அடையில் நிரப்பிச் சிறகடித்து நீரை வற்றச் செய்கின்றன. நீர் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்த அந்நிலையில் சர்க்கரை மிகச் செறிந்திருப்பதால், அதில் விழும் நுண்ணுயிர்கள் தம் நீரை இழந்து வளர்ச்சி குன்றுகின்றன. தேனின் அமிலத்தன்மையும், சராசரியாக பி.எச். 4 அளவில் இருப்பதால், அவற்றுக்கு ஒவ்வாததாகிறது. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதி, தேன் சிறிது நீர்க்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு என்னும் கிருமிநாசினியைச் சிறிது சிறிதாக உண்டாக்குகிறது. இந்நொதி வெப்பத்தைத் தாங்காது. புட்டியில் நெடுநாள் உறையாமலிருக்கவும் புளிக்காமலிருக்கவும் தேனைச் சூடேற்றி நுண்ணிய வடிகட்டியில் செலுத்தும்போது, நொதிகளின் ஆற்றல் குறைகிறது, மகரந்தத் துகள்களும் நீங்குகின்றன. அடையிலிருந்து எடுத்துத் துணியில் வடித்ததோடு நிறுத்திய தேனே காய்ச்சாத தேன் எனப்படுகிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் வாழும் இருளர் மக்கள் மரபாக எடுத்துவந்த தேன் இவ்வகையைச் சேர்ந்தது.

இருமலுக்கும் புண்ணுக்கும்

தேனுக்குச் சொல்லப்படும் பயன்கள் பலவற்றுள் ஆய்வின் ஆதரவு ஓரளவு உறுதியாக இருப்பது இருமலில்தான். குழந்தைகளின் திடீர் இருமல் பற்றி 2018-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, மருந்து எதுவும் கொடாமல் விடுவதைவிடத் தேன் கொடுப்பது இருமலைத் தணிக்கக்கூடும் எனக் கண்டது. ஓராண்டு கடந்த குழந்தைக்குப் படுக்கப்போகும்முன் அரைக் கரண்டித் தேனைத் தனியாகவோ, துளசிச்சாறு அல்லது இஞ்சிச்சாற்றுடன் சேர்த்தோ கொடுக்கும் வீட்டு வழக்கம் இதனோடு ஒத்துப்போகிறது. சித்த மருத்துவத்தில் திரிகடுகு போன்ற சூரணங்களைக் குழைத்துக் கொடுக்கும் துணைமருந்தாக, அதாவது அனுபானமாக, தேன் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. கொதிக்கும் பாலிலோ தேநீரிலோ கலக்காமல், அவை வெதுவெதுப்பாக ஆறியபின் கலப்பது நொதிகளைக் காக்கும்.

ஆழமில்லாத தீப்புண்களைத் தேன் விரைவில் ஆற்றுவதாகவும் ஆய்வுகள் உண்டு. ஆனால் மருத்துவமனைகளில் பயன்படுவது கதிர்வீச்சால் கிருமி நீக்கிய தேனாதலால், சமையலறைப் புட்டியில் உள்ளதை ஆழமான புண்ணில் தடவுதல் கூடாது.

சேனை வைக்கும் வழக்கம்

பிறந்த குழந்தையின் நாவில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைக்கும் சேனை என்னும் சடங்கு தமிழ்நாட்டில் அன்போடு செய்யப்படுவது. எனினும் அது கட்டாயம் தவிர்க்கப்பட வேண்டும். குளோஸ்டிரிடியம் பாட்டுலினம் என்னும் நுண்ணுயிரின் உறங்குநிலை வித்துகள் தேனில் இருக்கக்கூடும். வளர்ந்தவரின் குடலில் அவை முளைப்பதில்லை. குடல் முதிராத குழந்தையின் வயிற்றிலோ முளைத்து நஞ்சைச் சுரந்து, மலச்சிக்கல், பால் குடிக்க இயலாமை, தசைத் தளர்ச்சி, மூச்சுத் திணறல் வரை கொண்டுபோகலாம். சாதாரணமாகக் காய்ச்சுவதால் இவ்வித்துகள் அழியா. ஆகவே ஓராண்டு நிறையாத குழந்தைக்கு எவ்வகைத் தேனையும் ஒரு துளிகூடக் கொடுக்கலாகாது. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும்.

நீரிழிவு உள்ளோருக்கு

ஒரு மேசைக்கரண்டித் தேன் ஏறத்தாழ 20 கிராம் எடையும் 60 கலோரியும் கொண்டது. வெந்நீரில் எலுமிச்சையும் தேனும் கலந்து குடித்தால் உடல் இளைக்கும் என்னும் நம்பிக்கைக்கு வலுவான ஆதாரம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் கட்டுப்படுத்தச் சொல்லும் தனிச்சர்க்கரையில் தேனும் அடங்கும். ஆதலால் நீரிழிவு உள்ளவர், சீனிக்கு மாற்றாகத் தேனைத் தாராளமாகச் சேர்ப்பது பாதுகாப்பன்று; அளவை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும்.

வாங்கும்போது

அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த 13 தேன்வகைகளுள் 10 வகைகள், அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு என்னும் நுண்சோதனையில் தேறவில்லை. கலப்படத்துக்கு அரிசிப்பாகு போன்றவை பயன்படுவதால், தண்ணீரில் விடுவதும் திரியில் நனைத்துக் கொளுத்துவதும் உண்மையைக் காட்டா. தேன் உறைந்துபோனால் அது சர்க்கரைப்பாகு என்று தூக்கி எறிவதும் தவறு, ஏனெனில் குளுக்கோஸ் படிகமாவது நல்ல தேனின் இயல்பே. புட்டியை வெதுவெதுப்பான நீரில் சிறிதுநேரம் வைத்தால் தானே இளகும். ஈரக் கரண்டியை உள்ளே விடாமல், மூடி இறுக மூடிய கண்ணாடிப் புட்டியில் வைத்தால் தேன் ஆண்டுக்கணக்கில் புளிக்காது.