கழிமுகமும் முகத்துவாரமும்: எண்ணூரில் கொசஸ்தலையாற்றின் கடல்வாய்

'கழிமுகம்' என்னும் சொல், ஆறும் கடலும் கலக்கும் நீர்ப்பரப்பையும், ஆறு கொணர்ந்து குவித்த வண்டல் நிலத்தையும் ஒருசேரக் குறித்து வழங்குகிறது. காவிரியைப் பொறுத்தவரை இம்மயக்கத்தால் இழப்பு மிகுதியில்லை. அங்கு ஆறு பல கிளைகளாகப் பிரிந்து வண்டல் பரப்பி நிலத்தையே ஆக்கியது. வடசென்னையின் எண்ணூரிலோ நிலைமை வேறு. கொசஸ்தலையாறு கடல்சேரும் இடத்தில் அமைந்த மீனவர் ஊரின் பெயர் முகத்துவாரக்குப்பம். துவாரம் என்பது வாயில். அப்பெயர் சுட்டுவது நிலத்தை அன்று, திறப்பை.

அத்திறப்பு தானாக நிலைப்பதில்லை. சோழமண்டலக் கரையில் அலைகள் மணலைத் தெற்கும் வடக்குமாக நகர்த்தினும், ஆண்டின் நிகர நகர்வு வடக்கு நோக்கியதே. சென்னைத் துறைமுகம் அதனைத் தடுத்தமையால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்க் கரைகள் அரிப்புண்டன. இவ்வாறு நகரும் மணலே முகத்துவாரத்தையும் அடைக்க முயல்கிறது. முன்னர் ஆற்று வெள்ளம் அதனைத் தள்ளியது. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் அமைந்து நீர் நகரின் குடிநீருக்குத் திருப்பப்பட்டபின், மழைக்காலம் நீங்கலாக அப்பணி பெரும்பாலும் ஓதத்தின் மேல் விழுந்தது.

ஓதம் ஏறுகையில் கடல்நீர் கழியிலும் பக்கிங்காம் கால்வாயிலும் அலையாத்திப் புதர்களிலும் பரவுகிறது. இறங்குகையில் அந்நீர் முழுவதும் குறுகிய வாய்வழியே விரைந்து வெளியேறி மணலை அரித்துச் செல்கிறது. உள்ளே புகுந்து மீளும் நீரின் அளவே வாயின் குறுக்குவெட்டுப் பரப்பை வரையறுக்கும் என்பதை அமெரிக்கப் பொறியாளர் ஓ'பிரையன் 1931இல் பசிபிக் கரை முகத்துவாரங்களைக் கொண்டு காட்டினார்.

எண்ணூருக்கு இவ்விதி மிகப் பொருந்தும். கழியின் உட்பகுதியில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தும் ஈரநிலம் மண்ணிட்டு உயர்த்தப்பட்டும் ஓதம் பரவும் இடம் சுருங்கின், பல கிலோமீட்டர் தள்ளியுள்ள வாயும் சுருங்கும். உவர்நிலத்தைப் 'பயனற்ற நிலம்' எனப் பதியும் வழக்கம் இத்தொடர்பைக் கருதவில்லை. வாயில் மட்டும் மணலைத் தூர்வாருவது தற்காலிகத் தீர்வே. உள்ளே இடம் மீளாதவரை மணல் திரும்பவும் சேரும்.

வாய் அடைபடின் படகுகள் கடலுக்குச் செல்ல இயலாது. கடலிலிருந்து கழிக்குள் வந்து வளரும் இறாலும் குறையும். மழைவெள்ளம் வடியும் வழியும் அதுவே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழியை அடைந்து, இதே வாய்வழியே கடலிலும் பரவியது.