தெளிந்த நீரும் காணா ஒளியும்

கிணற்று நீரின் நன்மை தீமைகளை நிறம், மணம், சுவை ஆகிய மூன்றினாலும் துணிதல் தொன்றுதொட்டு வந்த வழக்கமாகும். ஆயின், இம்மூன்றுக்கும் அகப்படாத பொருள் நீரிற் கரைந்திருப்பின் அதனை அறிவது எங்ஙனம்? நைத்திரேற்று அத்தகையதொரு பொருள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலே தங்குவது. தோட்டங்களுக்கு இடும் பசளையிலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் தோன்றும் நைத்திரேற்று, மழைநீரோடு கூடி மெல்லிய மண்படையைக் கடந்து அந்நீரை எளிதில் அடைகின்றது. குடிநீரில் ஓர் இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அஃது இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. அவ்வரம்பை மீறிய கிணறுகள் குடாநாட்டிற் பல உள என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

மிகையான நைத்திரேற்றினால் முதலில் இடருறுவோர் கைக்குழந்தைகளே. புட்டிப்பால் கரைக்கும் நீருடன் உட்செல்லும் நைத்திரேற்று, உடலில் நைத்திரைற்றாக மாறி, குருதியிலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசன் சுமக்கமாட்டாத வடிவினதாக்கும். குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும். கிணற்று நீர் இந்நோய்க்கு ஏதுவாதலை 1945ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கொம்லி என்னும் மருத்துவர் எடுத்துக்காட்டினார். நீரைக் கொதிக்கவைத்தலும் இதற்குப் பரிகாரமன்று. நீர் ஆவியாகிச் சுருங்க, நைத்திரேற்றின் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. ஆகவே அளந்தறிதல் இன்றியமையாததாகின்றது.

கண்ணுக்கு நிறமற்றதாய்த் தோன்றும் கரைசல் எல்லா ஒளிக்கும் வழிவிடும் என்று கொள்ளலாகாது. ஏறத்தாழ 400 நனோமீற்றரிலும் குறுகிய அலைநீளமுடைய ஊதாக்கடந்த ஒளியைக் கண் காணமாட்டாது. அவ்வொளியில் 220 நனோமீற்றர் அலைநீளமுள்ள பகுதியை நைத்திரேற்று வன்மையாக உறிஞ்சுகின்றது. கண்ணுக்குப் புலனாகாப் பொருள், காணா ஒளியினால் இங்ஙனம் வெளிப்படுகின்றது.

ஒளி கடக்கும் தூரத்துக்கும் உறிஞ்சலுக்கும் உள்ள தொடர்பைப் பூகேர் 1729இலும் இலம்பேட்டு 1760இலும் ஆராய்ந்து கூறினர். செறிவுக்கும் உறிஞ்சலுக்கும் உள்ள தொடர்பைப் பியர் 1852இல் நிறுவினார். புகும் ஒளிக்கும் வெளிவரும் ஒளிக்கும் உள்ள விகிதத்தின் மடக்கையே உறிஞ்சல் எனப்படும். ஒளியிற் பத்திலொரு பங்கு வெளிவரின் உறிஞ்சல் 1. நூறிலொரு பங்கு வெளிவரின் 2. ஐதான கரைசலில், தூரம் மாறாதிருக்க, செறிவு இருமடங்காயின் உறிஞ்சலும் இருமடங்காகும்.

கருவியில் தூத்தேரிய விளக்கு ஊதாக்கடந்த ஒளியைத் தரும். அதிலிருந்து வேண்டிய அலைநீளம் மாத்திரம் பிரித்தெடுக்கப்படும். சாதாரண கண்ணாடி அவ்வொளியைத் தடுக்குமாதலின், கரைசலைக் கொள்ளும் கலம் குவாற்சினால் ஆனது. முதலில் நைத்திரேற்று அற்ற தூயநீரை வைத்துக் கருவியைப் பூச்சியத்துக்குக் கொணர்வர். பின்னர்ச் செறிவு தெரிந்த நியமக் கரைசல்களின் உறிஞ்சலை அளந்து நேர்கோட்டு வரைபை அமைப்பர். கிணற்று நீரின் செறிவு அவ்வரைபிலிருந்து பெறப்படும்.

எனினும் 220 நனோமீற்றரில் உறிஞ்சுவது நைத்திரேற்று மாத்திரமன்று. நீரிற் கரைந்த சேதனப் பொருள்களும் அவ்வாறே செய்யும். அவை 275 நனோமீற்றரிலும் உறிஞ்சும். நைத்திரேற்றோ அங்கு உறிஞ்சுவதில்லை. எனவே 275இற் பெற்ற அளவின் இருமடங்கு, 220இற் பெற்ற அளவிலிருந்து கழிக்கப்படும். சேதனப் பொருள்கள் மிக்க நீருக்கு இம்முறை ஏற்றதன்று. சுண்ணக்கல் நிலத்து நீரிலுள்ள காபனேற்றின் இடையூற்றை நீக்க, வடித்த நீரிற் சிறிதளவு ஐதரோகுளோரிக்கமிலம் சேர்க்கப்படும். செறிவு வரைபின் எல்லையைக் கடப்பின், நீரை ஐதாக்கி அளந்து, ஐதாக்கிய மடங்கினாற் பெருக்குதல் வேண்டும்.

பெற்ற எண்ணை வாசிப்பதிலும் விழிப்பு வேண்டும். ஆய்வுகூடங்கள் சில, விடையை நைத்திரேற்றாகக் கூறாது, அதிலுள்ள நைதரசனாகக் கூறும். 50 மில்லிகிராம் நைத்திரேற்றிலுள்ள நைதரசன் ஏறத்தாழ 11 மில்லிகிராமே. நைதரசனாக 20 எனக் குறித்த அறிக்கையை 50 என்னும் வரம்போடு ஒப்பிடுவோன், அந்நீர் நன்றென மயங்குவான்; உண்மையில் அதிலுள்ள நைத்திரேற்று ஏறத்தாழ 89 மில்லிகிராம். கருவி தருவது ஓர் எண்ணே. அவ்வெண் எதனைக் குறிக்கின்றது, எந்நிபந்தனைகளுக்கு உட்பட்டது என ஆராய்ந்து கூறுவோனின் கவனத்திலேயே குழந்தையின் நலன் தங்கியுள்ளது.