குறியிடுதலும் ஒரு வாசிப்பே

'பிரதியைக் கணினியில் ஏத்துறதுன்னா டைப் அடிச்சு வைக்கிறதுதானே, இதுல கோட்பாடு எங்கேருந்து வருது?' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தட்டச்சு செய்கிற கை வாசித்துக்கொண்டேதான் தட்டுகிறது. அந்த வாசிப்பை மறைப்பதா, வெளிப்படுத்துவதா என்பதே கேள்வி.

1987இல் அமெரிக்காவின் வாஸர் கல்லூரியில் கூடிய ஆய்வாளர்கள் 'டெக்ஸ்ட் என்கோடிங் இனிஷியேட்டிவ்' என்ற முயற்சிக்கு அடித்தளமிட்டார்கள். அதுவரை ஆளுக்கொரு குறியீட்டு முறை. ஒருவரின் கோப்பு இன்னொருவருக்கு உதவாது. 1994இல் விரிவான நெறிமுறை வந்தது. 2007இல் வந்த ஐந்தாம் வடிவமே தொடர் திருத்தங்களோடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. எழுத்து சாய்ந்திருக்கிறது என்று சொல்வதோடு அது நிற்பதில்லை. ஏன் சாய்ந்திருக்கிறது, நூற்பெயரா, அழுத்தமா, வேற்றுமொழிச் சொல்லா என்று குறிக்கவும் இடம் தருகிறது. அதாவது, விளக்கம் சொல்லச் சொல்கிறது.

பழைய துண்டறிக்கை ஒன்றில் 'கெழவி' என்று அச்சாகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். சத்தமில்லாமல் 'கிழவி' ஆக்கினால் தேடுபவருக்கு வசதி; எழுதியவரின் குரல் போச்சு. இந்த நெறிமுறையில் இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கலாம். அதற்கு இரண்டு இணைகள் உண்டு. 'சிக்', 'கார்' என்ற இணை, மூலத்தில் இருப்பது பிழை, இது திருத்தம் என்கிறது. 'ஒரிக்', 'ரெக்' என்ற இணை, மூல வடிவம் இது, பொதுவழக்கு வடிவம் இது என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. பேச்சுவழக்கை முதல் இணையில் போட்டால் ஒரு சமூகத்தின் நாக்கையே பிழை என்று பதிவுசெய்தவர்களாவோம். இரண்டாவதிலும் 'பொது' எது என்ற அதிகாரம் ஒளிந்திருக்கிறது. ஆனால் 'ரெஸ்ப்' என்ற குறிப்பில் அதை முடிவுசெய்தவர் யார் என்று எழுதிவைக்கலாம். அதிகாரத்துக்கு முகவரி கிடைக்கிறது.

இதற்கு எல்லையும் உண்டு. எக்ஸ்.எம்.எல். முறையில் ஒன்றுக்குள் ஒன்று முழுசாக அடங்க வேண்டும். குறுக்கே வெட்டக் கூடாது. நம் செய்யுளில் சீர் முடிகிற இடத்தில் எப்போதும் சொல் முடிவதில்லை. வகையுளி என்று யாப்பு அதற்குப் பெயரே வைத்திருக்கிறது. சீரைப் பிரதான அமைப்பாகக் கொண்டால் சொல்லைத் துண்டாக்கி, சுட்டுகள் வைத்து ஒட்ட வேண்டியிருக்கிறது. எதை முழுசாக வைப்பது, எதைத் துண்டாக்குவது என்பதும் ஒரு வாசிப்பே.

இன்று சிற்றிதழ்களையும் இயக்கத் துண்டறிக்கைகளையும் பலர் உள்ளிட்டுவருகிறோம். எல்லோரும் இந்த நெறிமுறை முழுவதையும் கற்க வேண்டியதில்லை. எதை மாற்றினோம், யார் மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்ற மூன்றையும் கோப்பின் தலைப்பிலாவது எழுதிவைப்போம். அடுத்து வருபவர் நம்மோடு சண்டை போட அது வேண்டும்.