புரிய வைக்கும் ஆசிரியர்

மருத்துவமும் நர்சிங்கும் படிக்கும் மாணவியர் தம் ஆசிரியர்களின் பேச்சைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்? மரக்காணத்துச் சுற்றுவட்டாரத்திலிருந்து நர்சிங் படிக்கச் சென்ற அக்காக்கள் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நாங்கள் இதைக் கேட்பதுண்டு.

அதிகம் படித்தவரே நல்ல ஆசிரியர் என்று அவர்கள் சொல்வதில்லை. விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் உள்ளதை அப்படியே வாசிப்பவர், எத்தனை பட்டம் பெற்றிருந்தாலும் அவர்கள் மனத்தில் நிற்பதில்லை. நோயாளியின் எதிரிலேயே மாணவியைத் திட்டுபவரிடம் பிறகு யாரும் சந்தேகம் கேட்பதில்லை. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் சென்றவர்களுக்கு முதல் சில மாதங்கள் பெரும்பாடு. ஓர் அக்கா ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்தே மனப்பாடம் செய்தாராம். "எடிமா" என்ற சொல் அப்படித்தான் அவருடைய நோட்டில் பொருளின்றிக் கிடந்தது. பிறகு வார்டில் ஓர் ஆசிரியை, வீங்கிய காலை விரலால் மெல்ல அழுத்தி, விழுந்த குழியைக் காட்டி, "நீர் கோத்த வீக்கம், இதுதான் எடிமா" என்றார். அது போதுமாயிருந்தது.

இந்தச் சிக்கல் புதியதன்று. அமெரிக்காவிலிருந்து 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான். ஆனால் அப்படிப் படித்தவர்கள் உத்தியோகம் தேடி வெளியூர் செல்லத் தொடங்கினர். கிராமத்து மக்களுக்கு வைத்தியர் வேண்டுமே! ஆகவே 1860களில் அவர் தமிழிலேயே கற்பிக்கலானார். அதற்குத் தாமே தமிழ் கற்றார் என்பதுதான் எங்களுக்கு வியப்பு. மாணவர்களுக்குப் புரியவில்லையென்றால் மாணவர்கள்தாம் மாறவேண்டும் என்று அவர் இருந்துவிடவில்லை. "இரண வைத்தியம்", "மனுஷ அங்காதிபாதம்" போன்ற நூல்கள் தமிழில் வெளிவந்தன. மொழிபெயர்ப்பு வேலையில் அவருடைய மாணவர்களும் கைகொடுத்தனர். தமிழ்ச் சொல் அகப்படாத இடத்தில் பிறமொழிச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இசைய மாற்றினார்கள். வேதியியல் நூலுக்கு "கெமிஸ்தம்" என்று பெயர்! நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அவரிடம் பயின்று வைத்தியரானவர்கள் 60 பேருக்கும் மேல்.

நம் நாட்டில் 2019 முதல் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு, நோயாளியிடம் பேசும் முறையும் பாடத்திட்டத்தில் ஒரு பகுதி. அது தானாக வந்துவிடும் என்றே அதுவரை பெரும்பாலும் விட்டிருந்தார்கள். "அந்த வகுப்பில் எங்கள் ஆசிரியர்கள் சிலரையும் உட்கார வைக்கலாம்" என்றார் ஓர் அக்கா. அவர் விளையாட்டாகச் சொன்னதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

ஆசிரியரின் பேச்சு மாணவியோடு நின்றுவிடுவதில்லை. எங்கள் உப்பளங்களில் வேலை செய்பவர்களின் கால்கள் உப்புநீரில் ஊறி வெடித்திருக்கும். சர்க்கரை நோயும் சேர்ந்தால் சிலருக்குப் புண் வலிப்பதுகூடத் தெரியாது. "காலை ஈரமில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள்" என்று புத்தகத்தில் உள்ளபடி சொன்னால், பாத்தியில் நிற்பவர் என்ன செய்வார்? கிராமப் பயிற்சிக்கு அழைத்துச் சென்ற ஆசிரியை ஒருவர், புண்ணைப் பார்க்கும் முன் "என்ன வேலை செய்கிறீர்கள் அம்மா?" என்று கேட்கப் பழக்கினாராம். அதனால்தான் அந்த அக்கா இப்போது ஊருக்கு வந்தால், வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றி, உள்ளங்காலைத் தினமும் பார்க்கச் சொல்லித் தருகிறார். சொல்லிவிட்டு, "எங்கே, நான் சொன்னதை நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள்" என்றும் கேட்கிறார்.